அவர் சொல்லாத ஒரு வார்த்தை

திரையில் எழுத்தாளரின் நாற்காலி வந்தது. பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடி வந்தது. கூடவே வரவேண்டிய குரல் மட்டும் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு புல்லாங்குழல், மணப்பெண் மாடிப்படி இறங்குவதுபோலக் குழைந்து குழைந்து வந்தது.

“என்னங்க, பேச்சையே காணோம்?” என்றாள் மனைவி.

“வரும், வரும்” என்றார் இயக்குநர்.

மேசை வந்தது. பேனா வந்தது. புல்லாங்குழலோடு தபேலாவும் சேர்ந்துகொண்டது. மறைந்த எழுத்தாளரின் ஒற்றைச் செருப்பு திரை முழுக்க நின்றபோது அதன்மேல் ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

“ஐயையோ!”

“ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்றார் இயக்குநர். இந்த வாக்கியம் அவர் வாயில் வந்துவிட்டால் பிரச்சினை பெரிது என்று அவர் மனைவிக்குத் தெரியும்.

இயக்குநர் என்பது அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பதவி. ஊருக்கு அவர் கல்யாண வீடியோக்காரர். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாலும், மாமனார் கொட்டாவி விட்டாலும், “எடிட்டிங்ல பாத்துக்கலாம்” என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டவர். இன்று நூலகத்து மாடி அரங்கில் அவர் எடுத்த முதல் ஆவணப்படம் ஓடப்போகிறது. கூட்டம் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

நடந்தது என்னவென்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாண வீடியோவில் மனிதர்கள் பேசுவது ஆபத்து. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பாட்டையும் சம்பந்தியையும் குறை சொல்லாத உறவினர் எங்கும் கிடையாது. ஒருமுறை ஒரு பெரியப்பா, மணப்பெண்ணின் மூக்கைப் பற்றிச் சொன்னது அப்படியே பதிவாகி, இரண்டு குடும்பத்துக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. அதிலிருந்து அவர் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் செய்து வைத்திருந்தார். அதை அமுக்கினால் பேச்செல்லாம் போய்விடும், இசை வந்துவிடும், ரோஜா உதிரும். நேற்று ஆவணப்படத்தை முடித்த சந்தோஷத்தில் கை தானாக அந்தப் பட்டனுக்குப் போயிருக்கிறது.

வேறு படமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இது அப்படியல்ல. எழுத்தாளரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கல்யாண மண்டபங்களில் மணப்பெண் தயாராகும்வரை காத்துக் கிடந்த நேரமெல்லாம் அந்த மனிதரின் புத்தகங்களைத்தான் படித்தார். யாருமே தன்னிடம் பேசாத இடங்களில் தன்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான் என்ற நன்றி அவருக்கு இருந்தது. எழுத்தாளர் காலமானதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வருமானம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இதற்கே கொடுத்தார்.

எழுத்தாளருக்கு மைக் என்றால் பயம். மேடை ஏறியதில்லை, பேட்டி கொடுத்ததில்லை. அவர் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. எனவே இயக்குநர் சிமென்ட் விளம்பரத்துக்குப் பேசும் ஒரு கம்பீரக் குரல்காரரைப் பிடித்து, எழுத்தாளர் எழுதிய வரிகளையே ‘நான்’, ‘நான்’ என்று படிக்க வைத்திருந்தார். அதுதான் படத்தின் உயிர். இப்போது அந்த இடத்தில்தான் தபேலா வாசித்துக்கொண்டிருந்தது.

எழுத்தாளரின் மனைவி வேறு வருவதாகச் சொல்லியிருந்தார். எந்த விழாவுக்கும் போகாதவர். போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “அவர் சொல்லாத ஒரு வார்த்தை அதுல இருந்தாலும் படத்தை இன்னையோட பெட்டியில வெச்சிடணும். அப்புறம் வேற எங்கயும் காட்டக் கூடாது.”

“ஒரு கமாகூட இருக்காதும்மா” என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?” என்றாள் இயக்குநரின் மனைவி.

“நீ வீட்டுக்குப் போ. கம்ப்யூட்டர்ல பழைய பிரதி இருக்கும். எடுத்துட்டு ஓடி வா.”

அவள் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“இங்க ‘பைனல்’னு ஒண்ணு இருக்கு. ‘பைனல் பைனல்’னு ஒண்ணு இருக்கு. ‘இதுதான் பைனல்’னு ஒண்ணு. ‘சத்தியமா பைனல்’னு ஒண்ணு. எதை எடுக்கறது?”

“சத்தியத்தை எடு.”

“அதுல படம் இல்லைங்க. வெறும் குரல்தான் இருக்கு.”

“அதான் வேணும்! படம் இங்க இருக்கு, குரல் அங்க இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஓட்டிட்டாப் போச்சு.”

இதற்கிடையில் அரங்கில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான் மச்சினன். மனைவியின் தம்பி. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்குவதால் திட்டுகிறவர்கள் குரல் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. சாப்பாட்டு வேளையில் மூன்றாவது மாடிப் பெண்மணி, ஓட்டல் முதலாளி, பெயர் கேட்டால் “பேர் எதுக்குப்பா, தாகம்னு எழுதிக்க” என்கிற ஒரு பெரியவர் என்று வரிசையாகப் பேசிக் காட்டுவான். இயக்குநர் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

இப்போதும் மைக்கைக் கண்டதும் அவன் கை அரித்தது. “வணக்கம். நல்லா இருக்கீங்களா? உங்கள் புகார் என்ன?” என்று அலுவலகத்தில் சொல்வதைச் சொல்லிப் பார்த்தான்.

“மைக்கை வெச்சிட்டு நாற்காலியைப் போடு மாப்ளே” என்றார் இயக்குநர்.

கூட்டம் வர ஆரம்பித்தது. வாசகர்கள் வந்தார்கள், நூலகத்தில் பேப்பர் படிக்க வந்தவர்களும் வந்தார்கள். தலைமை விருந்தினரான விமர்சகர் மெல்ல நடந்து வந்தார். எழுத்தாளர் தன் கடைசிப் புத்தகத்தை, ‘தினமும் காலையில் என்னைப் பொறுத்துக்கொள்ளும் நண்பருக்கு’ என்று சமர்ப்பணம் செய்திருந்தார். யார் அந்த நண்பர் என்று வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். படம் முழுக்க இயக்குநரும் அவரைத்தான் தேடியிருந்தார். விமர்சகர் படத்தில் தோன்றி, கொஞ்சம் வெட்கப்பட்டு, “அது நானாக இருக்கலாம்” என்கிறார். அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர் அதையே சொல்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது; பேச்செல்லாம் அழிந்துவிட்டதால் இன்று தெரியப்போவதும் இல்லை.

மனைவி மூச்சிரைக்க ஓடி வந்து பென் டிரைவைக் கொடுத்தாள்.

“மெதுவா வெச்சுக் கேட்டுப் பாருங்க” என்றார் இயக்குநர், புரொஜெக்டர்க்காரரிடம்.

“மெதுவாவெல்லாம் கிடையாது சார். இங்க ஒரே ஸ்பீக்கர். போட்டா எல்லாருக்கும்தான் கேக்கும்.”

“சரி, போடுங்க. நல்ல குரல்தானே, கேக்கட்டும்.”

கம்பீரமான குரல் அரங்கை நிறைத்தது. “வாழ்க்கை என்பது... ச்சே. வாழ்க்கை என்பது... யோவ், இந்த வாக்கியம் எங்கய்யா முடியுது? மூச்சு முட்டுது! ஒரு முற்றுப்புள்ளி வெச்சா இந்த ஆளு குறைஞ்சா போயிடுவாரு?”

அது வெட்டி ஒட்டுவதற்கு முந்தைய பதிவு. சத்தியத்தில் எல்லாமே இருந்தது.

வாசலில் எழுத்தாளரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மைக் டெஸ்ட்ம்மா!” என்று இயக்குநர் ஓடினார். “படம் இன்னும் ஆரம்பிக்கலை. உக்காருங்க.”

அவர் முன்வரிசையில், எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விமர்சகர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், “நல்ல தொடக்கம். வாக்கியத்தைப் பற்றிய ஆழமான கேள்வி” என்றார்.

இயக்குநர் மாடிப்படிக்குப் போய்க் கம்பீரக் குரல்காரருக்குப் போன் போட்டார். உடனே கிளம்பி வந்து நேரில் படித்துக் கொடுத்துவிடும்படி கேட்டார். அந்தப் பக்கம் காற்றடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது.

“என்ன சார், கேக்கலை?”

“தொண்டை... கட்டிக்கிச்சு” என்றது காற்று.

“ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்று போனை வைத்தார் இயக்குநர்.

“நீங்களே படிச்சிடுங்களேன்” என்றாள் மனைவி.

“என் குரல் வந்தா நானே வெட்டி எறிஞ்சிடுவேன். எங்க உன் தம்பி?”

மச்சினன் கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்திருந்தான். இயக்குநர் அவன் கையில் தாள்கட்டைத் திணித்தார்.

“திரைக்குப் பின்னால உக்காரு. படம் ஓட ஓட இதைப் படி. கம்பீரமாப் படிக்கணும். சிமென்ட் மாதிரி.”

“மாமா, நான் இவர் எழுதினது ஒரு வரிகூடப் படிச்சதில்லையே.”

“இப்பப் படிக்கத்தானே போறே!”

படம் ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் இசையை நிறுத்திவிட்டு மைக்கைச் சேர்த்திருந்தார்கள். மச்சினன் வயிற்றிலிருந்து குரலை எடுத்து, “நான் பிறந்த வீட்டுக்கு ஜன்னல்கள் இல்லை” என்று படித்தான். அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரத்தாலும் சுமாராக இருந்தது. இயக்குநர் கடைசி வரிசையில், புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, மனைவியைப் பார்த்து ‘பாத்தியா’ என்று புருவத்தை உயர்த்தினார்.

அப்போது திரையில் எழுத்தாளரின் முகத்துக்குமேல் ஒரு பெரிய உருவம் எழுந்தது. உருவத்துக்கு மூக்கு அரித்தது. சாவகாசமாகச் சொறிந்துகொண்டது.

மச்சினன் படிப்பதற்காக வைத்த மேசை விளக்கு அவன் நிழலைத் திரையில் போட்டுக்கொண்டிருந்தது.

“லைட்டை அணைங்க! பின்னால இருக்கற லைட்டை!” என்று இயக்குநர் சீறினார். புரொஜெக்டர்க்காரர் கைக்கு எட்டிய சுவிட்சை அமுக்க, திரைக்குப் பின்னால் கும்மிருட்டானது. நிழல் போய்விட்டது. கூடவே தாளில் இருந்த எழுத்தும் போய்விட்டது.

கொஞ்ச நேரம் மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. திரையில் ஒற்றைச் செருப்பு வந்து நின்றது.

மச்சினன் என்ன செய்வான்? சிமென்ட் குரலில் கத்தி அவன் தொண்டை ஏற்கெனவே புண்ணாகியிருந்தது. ஏதாவது பேசியே ஆகவேண்டும். எந்தக் குரல் சிரமமில்லாமல் வருமோ அது வந்துவிட்டது. மெலிந்த, ஓரத்தில் கீறல் விழுந்த, நடுவில் ஒருமுறை இருமுகிற குரல்.

“என்னப்பா, இருக்கியா? நானும் இருக்கேன். செருப்புல ஒண்ணைக் காணோம்ப்பா. ஒரு காலுக்கு மட்டும் வெளியூர் போக ஆசை வந்துடுச்சுபோல.”

கூட்டம் சிரித்தது. தாளில் இப்படி ஒரு வரி கிடையாது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

“என்னங்க, இவன் என்னமோ பேசறான்!” என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

திரையில் எழுத்தாளர் வீட்டு அடுப்படி வந்தது. இயக்குநர் அதை மௌனமாக விட்டிருந்தார். மச்சினன் விடவில்லை.

“எங்க வீட்டுல கோவம் வந்தா குழம்புல உப்பு கூடும்ப்பா. நான் வாயே திறக்காம சாப்பிட்டுடுவேன். எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அவ கோவம் வீணாப் போயிடுமில்ல?”

முன்வரிசை ஓரத்தில் எழுத்தாளரின் மனைவி கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

முடிந்தது கதை என்று இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லாத ஒரு வார்த்தையா? இங்கே அவிழ்த்துவிட்ட மூட்டை மாதிரி கொட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் நிறுத்தலாமென்றால், முன்னால் போனால் இவர் நிழலும் திரையில் விழும். அவர் போனை எடுத்தார். மச்சினனைக் கூப்பிட்டு, வாயை மூடு என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

மச்சினன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் கை பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்தது. வாயும் பழக்கதோஷத்தில் திறந்தது. மைக்கும் திறந்துதான் இருந்தது.

“வணக்கம். நல்லா இருக்கீங்களா? உங்கள் புகார் என்ன?”

அரங்கம் அதிர்ந்து போனது.

“அதிகாரத்தின் குரல்!” என்றார் விமர்சகர். “எழுத்தாளனைப் பார்த்து அதிகாரம் கேட்கிறது. பிரமாதம்!”

மச்சினன் சமாளித்துக்கொண்டு மறுபடி மெலிந்த குரலுக்குத் தாவினான். “பாரு, எல்லாரும் வேலை முடிஞ்சுதா, வேலை முடிஞ்சுதான்னுதான் கேக்கறாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேக்க ஒரு ஆள் இல்லைப்பா. நீ கேக்கறே. உனக்குச் சம்பளம் குடுத்துக் கேக்கச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கேக்கறியே.”

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பேப்பர் படிக்க வந்த ஆள்கூட மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். இயக்குநர் போனை அணைத்தார். இனி எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று சுவரில் சாய்ந்தார்.

கடைசியில் திரையில் அந்தச் சமர்ப்பண வரி வந்தது. அதன் கீழே, ‘யார் அந்த நண்பர்?’ என்ற கேள்வி வந்து நின்றது. விளக்கு எரிந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. இயக்குநர் காதில் அது விழவே இல்லை. அவர் எழுத்தாளரின் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“முன்னோட்டம்னு ஒண்ணு அனுப்பியிருந்தீங்களே, பாத்தேன். யாரோ கிணத்துக்குள்ள நின்னு கத்தற மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அப்படிப் பேசினதே இல்லை. நேர்ல வந்து நிறுத்தச் சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்.”

“அம்மா...”

“இருங்க. இன்னிக்கு நான் அவரைக் கேட்டேன். அந்த இருமல், அந்த ‘என்னப்பா, இருக்கியா’... உப்பு விஷயம் அவருக்குத் தெரியும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இந்தப் படத்தை ஊர் ஊராக் காட்டுங்க.”

வாயை மூடிக்கொண்டு கும்பிடு போட்டிருந்தால் போதும். இயக்குநரின் மனைவி பின்னால் நின்று, போதும் வாங்க என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அவர் வாக்குக் கொடுத்தவர். அதுவும் அந்த மனிதரின் வீட்டுக்குக் கொடுத்த வாக்கு.

“அம்மா, உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை. இதெல்லாம் அவர் சொன்னது இல்லை. குரல் அழிஞ்சு போச்சு. என் மச்சினன் திரைக்குப் பின்னால உக்காந்து வாய்க்கு வந்ததைப் பேசிட்டான். படத்தைப் பெட்டியில வெச்சிடறேன்.”

அந்த அம்மா அவரை நம்பாமல் பார்த்தார். “வாய்க்கு வந்ததா? கூப்பிடுங்க அவரை.”

மச்சினன் தாள்கட்டோடு வந்து தலையைச் சொறிந்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இருட்டுல ஒண்ணும் தெரியலை. அது நம்ம தாகப் பெரியவர் குரல். குடிநீர் ஆபீஸ்ல புகார் போன் நான்தான் எடுப்பேன். தினமும் காலையில முதல் போன் அவருதுதான். பேசிக்கிட்டே இருப்பாரு. செருப்பு, உப்பு எல்லாம் அவர் சொன்னதுதான், நான் ஒண்ணும் இட்டுக்கட்டலை. பேரு சொன்னதில்லை, வீடு எதுன்னும் சொன்னதில்லை. ‘இந்தத் தெருதான்ப்பா, கண்டுபிடிச்சுக்க’ம்பாரு. கொஞ்ச நாளா அவர் போனே வரலை.”

“அவர் விடிஞ்சதும் போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவார்” என்றார் அந்த அம்மா மெதுவாக. “யாருன்னு கேட்டா, ‘ஆபீஸ் விஷயம்’பார். அவருக்கு ஏது ஆபீஸ்?”

இயக்குநர் திரும்பித் திரையைப் பார்த்தார். ‘யார் அந்த நண்பர்?’ என்ற எழுத்து அங்கேயே நின்றுகொண்டிருந்தது. புரொஜெக்டர்க்காரர் அதை இன்னும் அணைக்கவில்லை. விமர்சகரும் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மச்சினனின் முகம் மாறியது. “அப்போ... அவர்தான் இவரா?” என்று தாள்கட்டைப் பார்த்தான். “அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. ‘தண்ணி வரலைப்பா’ன்னு தினமும் சொல்லித்தான் ஆரம்பிப்பாரு. நானும், ‘சாயங்காலத்துக்குள்ள ஆள் வந்துடும் ஐயா’ன்னு சொல்லிடுவேன். ஒருநாள்கூட ஆள் அனுப்பினதில்லைம்மா. பாவம், அத்தனை வருஷமும் தண்ணி இல்லாம என்ன கஷ்டப்பட்டாரோ!”

அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுக் குழாய்ல ஒருநாளும் தண்ணி வராம இருந்ததில்லையே தம்பி!”